திவால் மனுவுக்கு முன் குடும்பக் கணக்கை ஒழுங்குபடுத்துவது குறித்து ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். வட்டியைக்கூடக் கட்ட முடியாத நிலையில், நானும் என் கணவரும் தனிநபர் திவால் மனு தாக்கல் செய்ய முடிவெடுத்துள்ளோம். வழக்கறிஞரைச் சந்திப்பதற்கு முன், இதைக் கடந்து வந்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறோம்.

கிரெடிட் கார்டு போன்ற பிணையற்ற கடன்கள் பெரும்பாலும் தள்ளுபடிக்கு உட்படும் என்றும், அடமானக் கடனில் சொத்தின் மீது கடன் கொடுத்தவருக்கு உள்ள உரிமை தொடரும் என்றும், ஜீவனாம்சம், நீதிமன்ற அபராதம் போன்றவை பொதுவாக நீங்குவதில்லை என்றும் படித்தறிந்தோம். மனுவுக்கு முன் உறவினர் ஒருவரிடம் நாங்கள் வாங்கிய கடனை மட்டும் தீர்ப்பதும், நகையையோ வாகனத்தையோ பிறர் பெயருக்கு மாற்றுவதும் பின்னர் ரத்து செய்யப்படக்கூடும் என்பதால், என் மாமனார் நல்லெண்ணத்துடன் கூறிய அந்த யோசனையை (அவருக்குச் சற்று வருத்தம்தான்) நாங்கள் ஏற்கவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது சம்பளக் கணக்கு. கடன் கொடுத்த வங்கியிலேயே சம்பளமும் வரவாகிறது. கணக்கிலுள்ள தொகையை வங்கி நிலுவைக்கு ஈடாக எடுத்துக்கொள்ள வாய்ப்பிருப்பதால், கடன் இல்லாத வேறொரு வங்கிக்குச் சம்பளத்தை மாற்றி, அப்புதிய கணக்கையும் மனுவில் மறைக்காமல் குறிப்பிட்டவர்கள் எவரேனும் உள்ளீர்களா? தானியங்கித் தவணைப் பிடித்தங்களை எந்தக் கட்டத்தில் நிறுத்தினீர்கள்? வாடகை, மின்கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியதில் மாதத்தை நடத்தத் திட்டமிட்டுள்ளோம். கார்டு இல்லாத நிலையில் எதிர்பாராத செலவை எவ்வாறு சமாளித்தீர்கள்?

ஒரு கடனுக்கு என் தம்பி ஜாமீன் கையெழுத்திட்டுள்ளான். எங்கள் மனுவால் அவனுடைய பொறுப்பு நீங்காது என்பதை மனுவுக்கு முன்பே அவனிடம் சொல்லிவிட எண்ணுகிறேன். அவனும் தனியே வழக்கறிஞரை அணுக வேண்டுமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.