வளைய வித்தையும் ஒரு பாட்டியின் காதும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

வணக்கம். போன வாரம் இங்கே ஒருவர் "வளைய வித்தையை இப்போது யார் பார்க்கிறார்கள், அது எல்லாருக்கும் தெரிந்த பழைய ஐட்டம்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. தனித்தனி எஃகு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தும் பிரித்தும் காட்டும் மந்திர வித்தை இது. 6 வருடமாக நான் ஒழுங்காகப் பழகியது இந்த ஒரே வித்தைதான். எனக்கு நேர்ந்த இரண்டு சந்திப்புகளை எழுதுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள். ஆனால் வளையங்கள் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்ற இரகசியத்தை மட்டும் இங்கே போட வேண்டாம். பழகுகிறவர்களுக்கு அது தெரியும். மற்றவர்கள் தெரிந்துகொண்டால் அவர்களுடைய சந்தோஷம்தான் போகும்.

நான் முதலில் வாங்கியது 8 வளையம் உள்ள செட். 10 அங்குல எஃகு வளையங்கள். எட்டையும் வைத்துப் பூ, நாற்காலி, பூமி உருண்டை என்று உருவங்கள் செய்து காட்டினேன். கைதட்டினார்கள், ஆனால் ஒருத்தர்கூட வாய் பிளக்கவில்லை. அப்புறம்தான் ரிச்சர்ட் ராஸ் வளையம் செய்யும் காணொளி கண்ணில் பட்டது. நெதர்லாந்துக்காரர். ஃபிசம் என்ற மந்திரவித்தை உலகப் போட்டியில் 1970, 1973 என்று இரண்டு முறை முதன்மைப் பரிசான கிராண்ட் பிரீ வாங்கியவர். அவரிடம் அவசரமே இல்லை. ஒரு வளையம் இன்னொன்றுக்குள் கரைந்து இறங்குவதுபோல் இருக்கும். அன்றைக்கே நாலு வளையத்தை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மீதி நாலோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு அடுக்குமாடியில் எட்டாவது மாடி. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, இரவு 10 மணிக்குமேல்தான் பழக நேரம் கிடைக்கும். கட்டிலுக்கு முன்னால் நின்று பழகுவேன், தவறினால் மெத்தையில் விழட்டும் என்று. ஒருநாள் தவறிய வளையம் மெத்தையில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுந்து, கதவு வரைக்கும் உருண்டு ஓடி, சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டுச் சீன அங்கள், எழுபது வயதுக்கு மேலிருக்கும். "தம்பி, பிசிங்-லா" (சத்தமாக இருக்கிறது) என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பார்வை என் கையில் இருந்த வளையத்துக்குப் போனது. "சிலாப் மாதா?" (மந்திர வித்தையா?) என்று கேட்டார். ஆமாம் என்றதும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சின்ன வயதில் பாடாங் கோத்தா லாமா கடற்கரைத் திடலில் ஒரு மருந்து வியாபாரி கூட்டம் சேர்க்க வளையம் காட்டுவாராம். அங்கள் அப்போது குட்டைப் பையன், பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றதால் ஒன்றும் தெரியாது. காதில் விழுந்தது மட்டும்தான். 'டிங்' என்று ஒரு சத்தம், உடனே கூட்டம் முழுக்க 'ஆ' என்ற சத்தம். இதையே நாள் தவறாமல் போய்க் கேட்டாராம். நான் என் வித்தையைச் செய்து காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "அவன் வளையம் பாடும். உன்னுடையது சட்டி பானை மாதிரி இருக்கிறது."

அந்த ஒரு வார்த்தை எனக்கு இரண்டு வருடப் பாடம். மறுநாளே போனில் ஒலியை மட்டும் பதிவு செய்து கேட்டேன், படமே இல்லாமல். அவர் சொன்னது சரி. பயத்தில் எல்லா வளையத்தையும் முஷ்டியால் இறுக்கிப் பிடித்திருந்தேன். இறுக்கிப் பிடித்தால் எஃகின் அதிர்வு கையிலேயே அடங்கிவிடும், வெளியே வருவது 'டக்'. விரல் நுனியில் தொங்கவிட்டால்தான் அது மணிபோல் நீண்டு ஒலிக்கும். அப்புறம் நேரம். கண் பார்க்கும் கணமும் காது கேட்கும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகமாக மோதிக் கோப்பதற்கு அது பொருந்தும். மெதுவாகக் கரைத்துக் கோக்கும்போது சத்தமே வரக்கூடாது. கோத்து முடித்து, கீழ் வளையத்தை விட்டதும், அது ஊசலாடி ஒரே ஒரு தடவை 'கிணிங்' என்றால் போதும். இதைப் பிடிக்க எனக்கு எத்தனை இரவு ஆனதோ கணக்கில்லை. காற்றாடியைக்கூட நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பழகினேன்.

இரண்டாவது சந்திப்பு தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு முதியோர் இல்லத்தில். கோயில் இளைஞர்கள் பலகாரம் கொண்டுபோனார்கள், நானும் கூடப் போனேன். முன்வரிசையில் ஒரு பாட்டி. சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் போய்விட்டது என்று பணியாளர் காதோடு சொன்னார். நான் மற்றவர்களைப் பார்த்தே செய்துகொண்டிருந்தேன். மெதுவாகக் கோக்கும் இடம் வந்தது. எல்லாரும் அமைதி. கீழ் வளையத்தை விட்டேன். யாரும் கைதட்டுவதற்கு முன்னால் அந்தப் பாட்டிதான் பேசினார். "சத்தம் மாறிப்போச்சேய்யா. தனித்தனியா இருந்துச்சு, இப்ப ரெண்டும் ஒண்ணாயிட்டு."

வித்தையை அங்கேயே நிறுத்தினேன். கோத்த இரண்டு வளையத்தை அவர் மடியில் வைத்தேன். ஒவ்வொன்றையும் விரலால் முழுச் சுற்று தடவினார், திரும்பவும் ஒரு தடவை. "நாங்க தோட்டத்துல பால் தூக்குன வாளிக்கு வளையம் இருக்கும், அதுல ஒட்டு விரல்ல தட்டும். இதுல தட்டலையே" என்றார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைகள் அவை, காய்ப்பு இன்னும் போகவில்லை. அப்படிப்பட்ட விரல் தேடியும் ஒட்டு கிடைக்காதபோது அந்த முகத்தில் வந்த மலர்ச்சியை நான் வேறு எந்த மேடையிலும் பார்த்ததில்லை. பழைய ஐட்டம் என்று எழுதிய நண்பருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அண்ணா, உங்கள் அனுபவம் அருமை. ஆனால் நான் செய்வது பெரும்பாலும் கல்யாண விருந்துகளில். அங்கே காதை நம்பவே முடியாது. ஒலிபெருக்கியில் பாட்டு, பந்தியில் தட்டுச் சத்தம், பிள்ளைகள் ஓட்டம். வளையம் எவ்வளவு பாடினாலும் மூன்றாவது மேசைக்குப் போகாது. அங்கே கண்ணுக்குத்தான் வேலை. அதோடு, ஆட்கள் எனக்குப் பின்னாலும் வந்து நின்று போனில் எடுக்கிறார்கள். அதனால் எங்கே போனாலும் சுவரையோ தூணையோ முதுகுக்கு வைத்துக்கொள்வேன். முதலில் மண்டபத்தில் தேடுவதே அதைத்தான்.

ஒரு விருந்தில் சோதித்துப் பார்க்கட்டும் என்று ஆறு வயதுப் பையனிடம் ஒரு வளையம் கொடுத்தேன். வாங்கியதும் "அம்மா!" என்று கத்திக்கொண்டு மண்டபத்தின் மறுகோடிக்கு ஓடிவிட்டான். கையில் மிச்சமிருந்த வளையங்களோடு என் வரிசையே குலைந்து போனது. மனசுக்குள் எண்ணிக்கையை மாற்றி, தெரிந்த இரண்டு கோப்புகளை மட்டும் மெதுவாகச் செய்து நேரம் ஓட்டினேன். பையன் திரும்பி வந்தபோது கூடவே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பின்னால் அவன் தாத்தா வேறு. அன்றைக்கு அதுதான் பெரிய கூட்டம். அதிலிருந்து எந்த வளையம் போனாலும் நிற்காத மாதிரி வரிசையை மாற்றி எழுதிப் பழகுகிறேன்.

செந்தூல், கோலாலம்பூர்

நான் சேலை கட்டி வளையம் செய்பவள். வித்தை சொல்லித் தருகிறவர்கள் எல்லாரும் கோட்டு, கைநீளச் சட்டை என்றுதான் பேசுகிறார்கள். முந்தானை வளையத்தில் மாட்டும் என்று யாரும் சொன்னதில்லை. இறுக்கி மடித்து ஊசி குத்திக்கொள்கிறேன்.

எனக்குப் பெரிய பிரச்சனை கைவளையல். எஃகின் மேல் பட்டுக் கீறல் விழும். அண்ணன் சொன்ன அந்த ஒற்றைச் சத்தத்தையும் கெடுத்துவிடும். அதனால் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்வேன். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் வயதான அம்மா ஒருவர் தனியே கூப்பிட்டு, "சுமங்கலிப் பொண்ணு நல்ல காரியத்துக்கு வெறுங்கையோட வரலாமாம்மா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் வளையத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் தன் வளையலை அதன்மேல் தட்டிப் பார்த்தார், கலகலவென்று வந்தது. வளையல் இல்லாத என் கையால் தட்டிக் காட்டினேன். "ஓ, இதுக்குத்தானா" என்றார். இப்போது கையில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டிக்கொள்கிறேன், அது சத்தம் போடாது.

அண்ணா, இரண்டு கேள்வி. வியர்வைக்கு என்ன செய்கிறீர்கள்? அந்தக் கீழ்வீட்டு அங்கள் இன்னும் சத்தத்துக்குக் கோபித்துக்கொள்கிறாரா?

ஆயர் ஈத்தாம், பினாங்கு

தங்கச்சி, மஞ்சள் கயிறு நல்ல யோசனை. வியர்வைக்குப் பவுடர் போட்டுப் பார்த்தேன். வளையத்தில் வெள்ளைத் தடம் விழுகிறது, விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். இப்போது பழைய பருத்தி வேட்டித் துணிதான். மேடைக்குப் போகுமுன் கை, வளையம் இரண்டையும் துடைப்பேன். முடிந்ததும் திரும்பத் துடைத்து, ஒன்றோடொன்று உரசாமல் துண்டில் சுற்றி வைப்பேன். இந்த ஊர் ஈரக் காற்றில் ஒரு வாரம் அப்படியே விட்டால் விரல் ரேகை படிந்து மங்கிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி சொன்னது சரி, சத்தமான மண்டபத்துக்கு என்னிடம் வழி இல்லை. அந்த இடங்களை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. தூண் யோசனையை எடுத்துக்கொள்கிறேன்.

அங்கள் கோபித்துக்கொள்வதில்லை. 10 மணியை 9 ஆக்கிக்கொண்டேன், தரையில் பாயும் போட்டாயிற்று. கீழே படுத்தபடி கேட்கிறார் போல. கோப்பு சுத்தமாக விழுந்தால் அமைதியாக இருப்பார். 'டக்' என்று வந்தால் துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டு தட்டுவார். நேற்று மூன்று முறை தட்டினார்.