கம்பு எதிர வந்தா கண்ணு தானா மூடிக்குதுங்க, என்ன பண்றது?

நூல்கண்டு, பல்லடம் பக்கம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு 34 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன், வெடியால 8:30க்கு டேபிள்கிட்ட நின்னா ராத்திரி 8 வரைக்கும் நின்ன எடந்தான். புள்ளைக்கு 10 வயசு, அவள சிலம்பத்துல சேத்தி உடப் போனவ நானும் சேந்துட்டேன், நாலு மாசம் ஆச்சு. சனி ஞாயிறு வெடியால 5:30க்கு எங்கூர் களத்துமேட்டுல கிளாஸ். காலடி வந்துருச்சு, ஒத்தக் கம்பு முன்னால பின்னால ரெண்டு பக்கமும் சுத்த வருது, வாத்தியாரே நல்லா சுத்தறம்மான்னு சொன்னாரு.

போன மாசம் ஜோடி போட்டு அடி தடுப்பு ஆரம்பிச்சாங்க, அங்கதான் பிரச்சன. எதிராளி கம்பு தலைக்கு மேல எந்திரிச்சாப் போதும், என்ற கண்ணு ரெண்டும் இறுக்கி மூடிக்குது, மூச்சும் நின்னு போகுது. எங்க தடுக்கோணும்னு நல்லாத் தெரியும், ஆனா கண்ண மூடிட்டு கம்ப நீட்டி அது விரல்ல பட்டு நகம் கறுத்துப் போச்சு. எதிர நிக்கறது 14 வயசுப் பொண்ணு, "அக்கா நான் இன்னும் அடிக்கவே இல்லீங்க"ங்குது. சங்கடமாப் போச்சுங்க.

இன்னொண்ணும் கேக்கோணும். இதுக்கு முன்னால வேற ஒரு எடத்துக்கு ரெண்டு வாரம் போனோம், அங்க இருந்த மாஸ்டர் சின்னப் புள்ளைகள வரிசையா உக்கார வெச்சு முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல சோடா பாட்டில வெச்சு தட்டச் சொன்னாரு, வலி செத்தாத்தான் பயம் சாகும்னு. என்ற புள்ள அழுதுட்டே தட்டுச்சு, அன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டேன். இப்ப என்ற நெலமையப் பாத்தா அந்தாளு சொன்னது சரியோன்னு ராத்திரில தோணுது. ஒடம்பும் மனசும் கெட்டியாக நெசமாவே என்ன பண்ணோணுமுங்க? 5 நிமிஷம் சேந்தாப்ல சுத்துனா நெஞ்சு படபடங்குது, அதையும் சேத்திச் சொல்லுங்க.

மூங்கில்தோப்பு, சென்னிமலை பக்கம்:

அம்மிணி, மொதல்ல ஒண்ணு சொல்லீர்றேன், கண்ணு மூடறது கோழைத்தனமில்ல. மொகத்துக்கு நேரா எது வந்தாலும் இமை தானா மூடும், அது கண்ணக் காப்பாத்த ஒடம்பு பண்ற வேல. இருபது வருஷமா பசங்களுக்குக் கம்பு சொல்லித் தர்றேன், மொத மாசம் கண்ணு மூடாத ஆள நான் பாத்ததில்ல. மூடறதுல தப்பில்ல, மூடுன கண்ணு தொறக்காம அப்படியே இருக்கறதுதான் உங்க பிரச்சன. அதுக்குக் காரணம் நீங்களே எழுதிட்டீங்க பாருங்க, மூச்சு நின்னு போகுதுன்னு. மூச்சப் புடிச்சா தோளு இறுகும், தோளு இறுகுனா காலு வேர் விட்டாப்ல நின்னு போகும், காலு நகராதுன்னு தெரிஞ்ச ஒடனே ஒளியறதுக்கு வேற எடமில்லாம கண்ணு மூடிக்கும்.

அதனால இப்படிப் பண்ணுங்க. எதிராளிய எட்டாத தூரத்துல நிக்க வெச்சு அடிக்கச் சொல்லுங்க, கம்பு நுனி உங்க மூஞ்சிக்கு ரெண்டு முழம் தள்ளியே போகோணும். நீங்க தடுக்கவே வேண்டாம், அவங்க ஓங்கறப்ப ஒரு காலடி பின்னால வெச்சு சத்தமா எண்ணிக்கை சொல்லுங்க, ஒண்ணு, ரெண்டுன்னு. வாய் தொறந்து எண்ணுனா மூச்சப் புடிக்கவே முடியாது, எங்க வாத்தியார் எங்கள எண்ண வெச்சதோட சூட்சுமமே அதுதான்னு எனக்கு நாப்பது வயசுலதான் வெளங்குச்சு. பார்வை கம்பு நுனில இருக்கக் கூடாது, நுனி போற வேகத்துக்கு எந்தக் கண்ணும் ஓடாது, தோளப் பாருங்க, அடி எங்க வருதுன்னு தோளு முன்னாலயே சொல்லிப்போடும். ஒரு வாரம் கழிச்சு ஒரு சாண் கிட்ட வாங்க, அதுக்கப்புறம் இன்னொரு சாண். பிளாஸ்டிக் பைப்புல பஞ்சு சுத்தித் துணியில தச்சு வெச்சுக்குங்க, அதுல புள்ளைய அடிக்கச் சொன்னா பட்டாலும் ஒண்ணும் ஆகாது, ஊட்லயே தெனம் பத்து நிமிஷம் போதும்.

ஆடி மாசம் வந்தா உட்றாதீங்க. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து உங்க பல்லடம் பக்கம் ஆளையே தள்ளும், அதுல நின்னு கம்பு சுத்திப் பாருங்க, காத்து கம்பப் புடுங்கும், இறுக்கிப் புடிச்சீங்கன்னா மணிக்கட்டு செத்துப் போகும், உட்டுப் புடிக்க அதுதான் கத்துத் தரும். எங்க பசங்களுக்கு ஒரு ஆடிக் காத்து முடிஞ்சா கை தனியா தெரியும். ஆடிப்பெருக்குக்கு ஓடாநிலைல இருக்கற தீரன் சின்னமலை மணிமண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போவேன், அவர 1805ல சங்ககிரிக் கோட்டைல தூக்குல போட்டது அந்த நாள்லதான்னு சொல்லுவேன், அன்னைக்கு மண்டபத்துக்கு முன்னால கம்பு சுத்தறப்ப சின்னப் பையனுகளுக்குக் கூட மொகம் மாறிப் போகும். புள்ளையையும் ஒருக்கா கூட்டிட்டு வாங்க.

பாட்டில் வெச்சுத் தட்டறது எங்க வாத்தியார் பண்ணுனதே இல்ல. அதப் பத்தி வெவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

மஞ்சக்காடு, ஈரோடு:

நான் பிசியோதெரபிஸ்ட்டுங்க அக்கா. உங்க புள்ளைய அன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, நெம்ப நல்ல காரியம் பண்ணுனீங்க. எலும்பு பாரம் பட்டா கெட்டியாகும்ங்கறது உண்மை, ஜெர்மனி டாக்டர் யூலியஸ் வுல்ஃப் 1892லயே அத புஸ்தகமா எழுதி வெச்சுட்டாரு. ஆனா பாரம்னா குதிக்கறது, ஓடறது, எடை தூக்கறது, அத மாசக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமா ஏத்தோணும். பாட்டில்ல தட்டுனா எலும்ப மூடியிருக்கற சவ்வு கன்னிப்போகும், மேல ஓடற நரம்பு மரத்துப்போகும், அந்த மரப்பத்தான் கெட்டியாயிருச்சுன்னு நெனச்சுக்கறாங்க. 10 வயசுல எலும்போட முனைல வளர்ற பகுதி இன்னும் மூடாம இருக்கும், அங்க அடிபட்டா காலு வளர்ச்சியே கோணலாகலாம். அவளுக்கு ஸ்கிப்பிங் கயிறு போதும், நொண்டி ஆடுனாலே எலும்புக்கு வேல ஆச்சு.

உங்களுக்கு: வாரத்துல மூணு நாள் ஸ்கிப்பிங், 30 செகண்ட் குதிச்சு 30 செகண்ட் நின்னு, மொதல்ல 6 தடவ, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு தடவ கூட்டுங்க. உக்காந்து எந்திரிக்கறது 10, மூணு செட். பக்கெட்ல மணலப் போட்டு கைய உள்ள உட்டு மூடி மூடித் தொறந்தீங்கன்னா பிடிக்கும் மணிக்கட்டுக்கும் பலம் வரும். செக்கிங் டேபிள்கிட்ட நிக்கறப்பவே குதிகால எந்திரிச்சு எறக்குங்க, யாருக்கும் தெரியாது. ஆர்வத்துல தெனமும் ரெண்டு மணி நேரம்னு எறங்கிறாதீங்க, சதை சீக்கிரம் பலமாயிரும், அத எலும்போட கட்டியிருக்கற தசைநாருக்கு அதவிட நெம்ப நாளாகும், இந்த எடைவெளிலதான் தோள்பட்டை போயி எங்க கிளினிக்குக்கு வருவாங்க.

முக்கியமா ஒண்ணு. 5 நிமிஷத்துல நெஞ்சு படபடங்குதுன்னா ஸ்டாமினா இல்லீன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, ஒரு ரத்த டெஸ்ட் எடுங்க. பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனா ரத்தசோகை. நம்ம பக்கம் கம்பெனிக்குப் போற பொம்பளைங்க வெடியால வெறும் டீயோட ஓடறவங்க, எனக்கு மொத சந்தேகம் அதுமேலதான். டெஸ்ட் வர்றதுக்கு முன்னாலயே டீய சாப்பாட்டோட குடிக்கறத நிறுத்துங்க, அது இரும்புச்சத்த ஒடம்புல ஏற உடாது. கொள்ளுப் பருப்பு, கீரை, முட்டை, கூட எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்குங்க.

சிங்காநல்லூர் பையன்:

அக்கா நான் காலேஜ்ல பாக்சிங் பண்றேன். மூங்கில்தோப்பு அண்ணன் சொன்னதெல்லாம் சரிதான் ஆனா ஒரு கட்டத்துல அடி வாங்காம பயம் போகாதுங்க்கா, எனக்கு மொத போட்டில மூணு நிமிஷ ரவுண்டு மூணும் மூணு நாளாட்டம் இருந்துச்சு, மொத ரவுண்டுல ஒரு குத்து மூக்குல வாங்கினப்பறம்தான் அட இவ்ளோதானான்னு தோணுச்சு, ரெண்டாவது ரவுண்டுல இருந்துதான் நெசமாவே எதிராளிய பாத்தேன். காலு நடுங்கறது இன்னைக்கும் இருக்குது, ரிங்ல ஏறி நாலு ஸ்டெப் வெச்சா போயிரும், அது நிக்கட்டும்னு காத்திருந்தா நான் ஏறவே மாட்டேன். மூச்சுக்கு நாங்க ஞாயித்துக்கெழம மருதமலை படி ஏறுவோம், உங்களுக்கு சென்னிமலை கிட்ட, 1320 படி, பேசிக்கிட்டே ஏற முடியற வேகத்துல ஏறுங்க போதும்.

மூங்கில்தோப்பு:

தம்பி சொல்றது மெய்தான், அடி பட்டுத்தான் ஆகோணும். ஆனா எப்பன்னு இருக்குதில்ல. கண்ணத் தொறந்து வாங்குன அடி பாடமாகும், மூடிட்டு வாங்குனா அடுத்த தடவ இன்னும் இறுக்கித்தான் மூடும். மொதல்ல தூரம், அப்புறம் பஞ்சுக் கம்பு, அதுக்கப்புறம் எதிராளி ஒடம்பக் கம்பால தொட்டு ஆடற தொடுமுறை. இன்னொண்ணு, தலைல பலமா பட்டு தலவலியோ வாந்தியோ கெறக்கமோ வந்தா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுதுங்கோணும், நேரா டாக்டர்கிட்டப் போகோணும், வீராப்பெல்லாம் அங்க ஆகாது.

நூல்கண்டு:

மூணு வாரங் கழிச்சு எழுதறேனுங்க. ரத்த டெஸ்ட் எடுத்தேன், 9.4 வந்துச்சு. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்னாங்க. மஞ்சக்காடு, நீங்க சொல்லலீன்னா வயசாயிருச்சுன்னே நெனச்சுட்டு இருந்திருப்பேன் கண்ணு, நெம்ப நன்றி.

பைப்புல பஞ்சு சுத்தி கம்பெனில மிச்சமான பனியன் துணில உறை தச்சுட்டேன். ராத்திரி சாப்பிடறதுக்கு முன்னால மொட்ட மாடில புள்ள அடிக்கறா, நான் எண்ணறேன். மொத நாள் மூணுலயே மூடிக்கிச்சு. நேத்து அவ தோளு எந்திரிக்கறது தனியாத் தெரிஞ்சுதுங்க, வலது தோளு கொஞ்சம் பின்னால போயிட்டுத்தான் கம்பு வருது, இத்தன நாளா எதிர நிக்கறவங்க தோள நான் பாத்ததே இல்ல. பதினேழு வரைக்கும் கண்ணு தொறந்தேதான் இருந்துச்சு. பதினெட்டுல மூடுச்சு, புள்ள "அம்மா, மொதல்ல இருந்து"ன்னுட்டா.

அண்ணா, எத்தன எண்ணிக்கை வந்தா மூங்கில் கம்புக்கு மாறலாம்?

மூங்கில்தோப்பு:

எண்ணிக்கைய உடுங்க அம்மிணி. புள்ள சொல்லாம கொள்ளாம எடது பக்கம் மாத்தி அடிக்கட்டும், அதையும் பாத்துத் தடுத்தீங்கன்னா அடுத்த சனிக்கெழம கம்ப எடுங்க. மொத நாள் அந்த 14 வயசுப் பொண்ணோடவே நில்லுங்க.