புதுப்பிப்பு: வடக்கு ஜன்னல் ஹாலுக்கு எந்த வெள்ளை?

மதுரையில் எங்கள் வீட்டு ஹாலுக்குச் சாம்பல் சாயல் வெள்ளை அடிப்பதா, தந்த வெள்ளையா என்று ஐப்பசியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தந்த வெள்ளை அடித்தாயிற்று.

கைகொடுத்தது, 'ஷேடு கார்டை நம்பாதீர்கள், சுவரில் அடித்துப் பாருங்கள்' என்ற யோசனைதான். இரண்டு சாம்பிள் டப்பா வாங்கி, ஜன்னலை ஒட்டிய சுவரிலும் எதிர்ச்சுவரிலும் இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் அடித்தேன். சுவரின் பழைய பச்சை நிறம் கண்ணைக் குழப்பாமல் இருக்கச் சுற்றிலும் வெள்ளை பிரைமர். மூன்று நாள் காலை, மதியம், இரவு என்று பார்த்தேன்.

வடக்கு ஜன்னலில் சித்திரைக் கடைசி முதல் ஆடி வரை வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. இப்போதெல்லாம் வானத்தின் நீல வெளிச்சம் மட்டும்தான். அதில் சாம்பல் சாயல், காலை பத்து மணிக்கே மழை மூட்டம் போட்டது போல் இருந்தது. "ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்குடா" என்று அம்மா சொன்னதோடு அந்த நிறம் அவுட்.

எதிர்பாராதது இரவில் நடந்தது. பழைய 6500 கெல்வின் டியூப்லைட்டில் (கெல்வின் எண் கூடினால் வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள்) தந்த வெள்ளை லேசாகப் பச்சையடித்தது. பெயிண்ட்தான் தப்போ என்று பயந்துவிட்டேன். 3000 கெல்வின் பல்பு மாட்டினால் சுவர் மஞ்சள் பூசிக் குளித்தது போல ஆனது. 4000 கெல்வினில் சரியாக நின்றது.

அப்புறம், மீந்த சாம்பல் சாயல் மேற்குப் பார்த்த படுக்கையறையில் ஒரு சுவருக்குப் போனது. மாலை வெயிலில் அங்கே அது அழகாகத்தான் இருக்கிறது.