வாசிப்பு வகுப்புக்கு விதிமுறைக் கடிதம் எழுதுகிறேன், யோசனை வேண்டும்

கொளத்தூர் மிஸ்:

வணக்கம். கொளத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தொடக்க வகுப்பு ஆசிரியை. ஜூனில் பள்ளி திறந்ததும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் பாடப் புத்தகத்தைத் தாண்டிப் படிக்கக்கூடிய 24 பேருக்குத் தனியாக ஒரு வாசிப்பு வகுப்பு தொடங்குகிறோம். செவ்வாய், வியாழன் மாலை 3.45 முதல் 4.45 வரை. டியூஷன் இல்லை. பாடத்தை ஐந்து நிமிடத்தில் படித்து முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும் வரை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கானது.

பெற்றோர் கூட்டத்தில் கொடுக்க, ஒரு பக்கத்துக்குள் விதிமுறைகளை எழுதித் தரச் சொல்லி ஹெச்.எம். கேட்டிருக்கிறார். மாதிரிக்கு வேறொரு வகுப்பின் கடிதத்தையும் கொடுத்தார். தாமதமாக வரக்கூடாது, பேசக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது, புத்தகத்தில் கிறுக்கக்கூடாது என்று பக்கம் முழுவதும் 'கூடாது'தான். அதைப் படிக்கிற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வகுப்பில் என்ன நடக்கும் என்பதே தெரியாது.

சில விஷயங்களில் எனக்குத் தயக்கம் இல்லை. புத்தகத்தைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்கும். பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவைக்கலாம். ஆனால் பத்துப் பக்கமாவது படித்துப் பார்க்க வேண்டும், ஏன் பிடிக்கவில்லை என்று என்னிடம் ஒரு வரி சொல்ல வேண்டும். முதல் இருபது நிமிடம் எல்லோரும் சத்தமில்லாமல் படிப்போம். நானும் படிப்பேன், அந்த நேரத்தில் நோட்டு திருத்த மாட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் நான் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். மீதி நேரம் பேச்சு. இந்தப் பேச்சுக்காகத்தான் இந்த வகுப்பே வேண்டும் என்று ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்கினேன்.

குழப்பம் மற்றவற்றில். மதிப்பெண் உண்டா என்று இப்போதே நாலைந்து பெற்றோர் கேட்டுவிட்டார்கள். வீட்டில் தினம் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று எழுதி அப்பா, அம்மாவிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு வைக்கலாம் என்கிறார் உடன் வேலை செய்யும் ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் மாற்று என்ன என்றும் தெரியவில்லை. புத்தகம் தொலைந்தால் என்ன செய்வது? ஆங்கிலப் புத்தகம் மட்டும் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் எழுதுவது?

நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படிப்பான். யார் எத்தனை பந்தில் அரைச்சதம் அடித்தார் என்று பாராமல் சொல்வான். கதைப் புத்தகம் கொடுத்தால் தொடமாட்டான். "பேப்பர் படிக்கிறதெல்லாம் படிப்பா மிஸ்?" என்று அவன் அம்மா கேட்கிறார். படிப்புதான் என்பது என் கட்சி. இதையும் கடிதத்தில் எழுதிவிடலாமா?

---

ஓய்வுபெற்ற நூலகர்:

டீச்சர், கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தகம் தொலைவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

அபராதம் என்ற சொல்லே கடிதத்தில் வேண்டாம். நாளுக்கு ஒரு ரூபாய் என்றாலும் வேண்டாம். காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை பயந்துகொண்டு அடுத்த புத்தகம் எடுக்க வராது. காசு இருக்கிற வீட்டில் அபராதத்தைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிடுவார்கள். இரண்டிலும் நமக்குப் புத்தகம் திரும்பி வராது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பிள்ளைகள் கையில் புழங்கினால் சில புத்தகம் கிழியும், சில காணாமல் போகும். அதை முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவிடச் சொல்லுங்கள்.

தொலைந்தால் அதே புத்தகம், அது கிடைக்காவிட்டால் ஏறக்குறைய அதே விலையில் பிள்ளையே பார்த்து எடுக்கிற வேறு புத்தகம். முடியாதவர்கள் உங்களிடம் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு வரி அவசியம் சேருங்கள்.

கிழிந்ததை வீட்டில் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டாம், அப்படியே கொண்டுவரட்டும். டேப் நாளானால் மஞ்சளாகும், அதன் பசை காகிதத்தில் ஊறிக் கறை விட்டுவிடும்.

மழைக்கும் ஒரு விதி தேவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊரில் பையோடு சேர்ந்து புத்தகமும் நனையும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜிப் பிளாஸ்டிக் உறை கொடுத்துவிடுங்கள். நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்கக்கூடாது, அட்டை முறுக்கிக்கொள்ளும். இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்த வேண்டும். அச்சடித்த செய்தித்தாள் வைத்தால் அதன் மை ஏறிவிடும். படப் புத்தகங்களின் வழவழப்பான தாள் ஈரத்தோடு இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்துவிட வேண்டும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

பதிவுக்கு ஒரு நீளநோட்டு போதும். வாரத்துக்கு இரண்டு பிள்ளைகளை நூலகராக்கி அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

---

வேளச்சேரி அம்மா:

மிஸ், தயவுசெய்து கையெழுத்து நோட்டு வேண்டாம்.

என் பெண் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்படி ஒன்று இருந்தது. நான் சிறுசேரியில் வேலை முடித்து வீட்டுக்கு வர எட்டரை ஆகும். சாப்பாடு முடித்துப் படுக்கப் போகும் நேரத்தில் "அம்மா, இருபது பக்கம் படிக்கல, சைன் போடு" என்று அழுவாள். அதுவரை தானாகப் புத்தகம் எடுத்தவள், நோட்டு வந்த பிறகு கடைசிப் பக்கத்தில் எண் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் கையில் எடுத்தாள். மெல்லிசான புத்தகமாகத் தேட ஆரம்பித்தாள். அடுத்த வருடம் வேறு ஆசிரியை வந்து நோட்டை நிறுத்தினார். பழையபடி படிக்கச் சில மாதம் ஆனது.

பெற்றோரிடம் கேட்பதென்றால் ஒன்று கேளுங்கள். தினம் ஒரு கால் மணி நேரம் வீட்டில் டிவியும் போனும் அணைந்திருக்க வேண்டும். பிள்ளை படிக்கட்டும், இல்லை நாங்கள் படித்துக் காட்டுகிறோம். எந்த மொழியானாலும் சரி. படித்து முடித்ததும் "இந்தக் கதையில என்ன நீதி?" என்று கேட்காதீர்கள் என்றும் எங்களுக்கு எழுதுங்கள். என் மாமியார் அதைத்தான் முதலில் கேட்பார்.

---

வியாசர்பாடி டீச்சர்:

அரசுப் பள்ளி ஆசிரியை. எங்களிடம் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. உங்கள் பள்ளிக்கு வேறு புத்தகங்கள் இருக்கும், ஆனால் படிநிலை விஷயத்தில் எல்லா இடத்திலும் ஒரே பிரச்சினைதான் வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்தால், யார் கையில் தடிமனான புத்தகம் என்று போட்டி தொடங்கும். புரியாததையும் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அதனால் படிநிலை என்பது புத்தகத்துக்கு மட்டும்தான், பிள்ளைக்கு இல்லை என்று கடிதத்திலேயே எழுதுங்கள். சுவரில் யாருடைய படிநிலையையும் ஒட்டாதீர்கள். 'பற' படிக்கிறவன் ஒருநாள் 'நட' எடுத்துச் சிரித்துக்கொண்டு படித்தால் படிக்கட்டும்.

கஷ்டமான புத்தகமா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ள விரல் கணக்கு சொல்லிக்கொடுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு அது கஷ்டம். யாரையாவது கூட வைத்துக்கொண்டு படிக்கலாம்.

மதிப்பெண்ணுக்கு மாற்று கேட்டீர்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக ஐந்து நிமிடம் உட்காருங்கள். மௌன வாசிப்பு நேரத்தில் வகுப்புக்கு மூன்று பேர் என்று வைத்தால், வாரம் இரண்டு வகுப்பில் ஆறு பேர், நான்கு வாரத்தில் 24 பேரும் முடிந்துவிடுவார்கள். நீங்களும் கூடப் படிக்க வேண்டும் என்கிறீர்கள். பதினைந்து நிமிடம் இதற்குப் போனாலும் ஐந்து நிமிடம் மிஞ்சும். பிடித்த ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், ஏன் பிடித்தது என்று கேளுங்கள், அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். கேட்டதை இரண்டு வரி குறித்துவையுங்கள். மூன்று மாதக் குறிப்புகளை அடுக்கிப் பார்த்தால் எந்தத் தேர்வுத்தாளும் சொல்லாதது அதில் தெரியும். நிறுத்தற்குறியில் நிற்க ஆரம்பித்திருப்பாள். பாத்திரத்துக்கு ஒரு குரல் கொடுக்க ஆரம்பித்திருப்பான். பெற்றோர் கேட்டால் அதை எடுத்துக் காட்டலாம்.

பேச்சு நேரத்துக்கு நான் வைத்திருக்கிற விதி ஒன்றே ஒன்று: எதைச் சொன்னாலும் பக்கத்தைக் காட்ட வேண்டும். "அவன் பொய் சொல்றான்னு எந்த வரியில தெரிஞ்சது?" என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கேட்பார்கள். அமைதியான பிள்ளை எழுந்து 'இதோ' என்று வரியைக் காட்டும்போது, சத்தமாகப் பேசுகிற பிள்ளை அடங்கிக் கேட்கும்.

எல்லோரும் ஒரே கதையைப் படிக்க வேண்டுமென்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. திறந்த உரிமம், எழுதியவர், படம் வரைந்தவர் பெயரோடு அச்சிட்டுக்கொள்ளலாம்.

விளையாட்டுப் பக்கம் படிக்கிற பையனை விட்டுவிடாதீர்கள் மிஸ். அவனுக்கு விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

---

அண்ணா நகர் அப்பா:

மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். தனி வகுப்பு என்றால் தனிக் கட்டணம். கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு வேண்டாமா? மதிப்பெண் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பாதியில் மூடிவைக்கலாம் என்றால் பிள்ளைகள் பொறுப்பாக எடுத்துக்கொள்வார்களா? ஆங்கிலம் கேட்பதிலும் தப்பில்லை. எங்களுக்குக் கிடைக்காத ஆங்கிலம் பிள்ளைக்காவது கிடைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறோம்.

---

கொளத்தூர் மிஸ்:

எல்லோருக்கும் நன்றி. முதலில் அண்ணா நகர் சாருக்கு.

கணக்கு கேட்பது உங்கள் உரிமை சார். மாதம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து எடுத்த குறிப்பின் நகல் உங்கள் கைக்கு வரும். இந்த மாதம் என்ன எடுத்தான், எதை முடித்தான், எதை ஏன் விட்டான் என்று பிள்ளையே எழுதிய பட்டியலும் வரும். எண்ணாகத் தரமாட்டேன். எண் வந்துவிட்டால் அதைக் கூட்டும் புத்தகத்தைத்தான் பிள்ளை எடுக்கும், வேளச்சேரி அம்மா சொன்ன மெல்லிசுப் புத்தகம் மாதிரி.

ஆங்கிலத்தை ஒதுக்கவில்லை. மௌன வாசிப்புக்கு எந்த மொழிப் புத்தகமும் எடுக்கலாம். நான் வாய்விட்டுப் படிப்பது செவ்வாய் தமிழ், வியாழன் ஆங்கிலம். ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கிற என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், நீளமான தமிழ் வாக்கியம் வந்தால் நடுவில் மூச்சு வாங்குகிறார்கள். வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு வாதாட முடிகிற பிள்ளை, அந்தத் தைரியத்தோடு ஆங்கிலத்திலும் வாதாடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பருவம் பாருங்கள், பிறகு நேரில் பேசுவோம்.

கடிதத்தின் முதல் பாதியைப் பிள்ளைகளுக்கே எழுதிவிட்டேன். இப்படி வந்திருக்கிறது:

"உன் புத்தகத்தை நீயே எடுக்கலாம். கதை, அறிவியல், சித்திரக்கதை, நாளிதழ், எதுவும் படிப்புதான். பத்துப் பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, என்னிடம் வந்து ஏன் என்று சொல், மாற்றிக்கொள். மற்றவர் படிக்கும்போது பேசாதே. பேச்சு நேரத்தில் பேசாமல் இருக்காதே. உனக்கு ஒன்று தோன்றினால் பக்கத்தைக் காட்டிச் சொல். அடுத்தவர் சொன்னது தப்பு என்று பட்டால் நீயும் பக்கத்தைக் காட்டு. புத்தகம் கிழிந்தால், நனைந்தால், தொலைந்தால் அன்றைக்கே சொல். யாரும் திட்டமாட்டார்கள், சேர்ந்து சரிசெய்வோம்."

பெற்றோருக்கான பாதி சின்னது. வீட்டில் தினம் கால் மணி நேரம், கையெழுத்து வேண்டாம், நீதி கேட்க வேண்டாம். தொலைந்த புத்தகத்துக்கு நூலகர் ஐயா சொன்னது அப்படியே. பள்ளி வேன் 3.50க்குக் கிளம்பிவிடும் என்பதால், இந்த இரண்டு நாளும் 4.50க்கு இரண்டாவது நடை உண்டா என்று வேன் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். இல்லையென்றால் அழைத்துப்போக வருபவர் பெயரை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். மழைக்குப் பள்ளி விடுமுறை விட்டால் அந்த வகுப்புக்கு ஈடு கிடையாது, பிள்ளை வீட்டில் படிக்கட்டும். தொடர்ந்து மூன்று வகுப்பு வராவிட்டால் நான் வீட்டுக்குப் போன் செய்வேன். பெயரை நீக்குவதற்காக இல்லை, என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக. இதையும் எழுதிவிட்டேன்.

நூலகர் ஐயா, ஒரு சந்தேகம். புத்தகங்களுக்கு எண் போடும்போது எங்கே எழுதுவது? அட்டையில் ஒட்டினால் பிள்ளைகள் பிய்த்துவிடுகிறார்கள்.

---

ஓய்வுபெற்ற நூலகர்:

அட்டையில் ஒட்டுவது தேடுவதற்கு மட்டும், டீச்சர். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் மையில் எழுதுங்கள். அதோடு எல்லாப் புத்தகத்திலும் ஒரே பக்க எண்ணில், உதாரணமாகப் 11ஆம் பக்கத்தின் கீழ் ஓரத்தில், இன்னொரு தடவை எழுதுங்கள். அட்டையும் முதல் தாளும் போய்விட்டாலும் எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிக்கலாம். மெல்லிய படப் புத்தகங்களுக்கு 5ஆம் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனா போதும். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும்.