அளவெடுத்தவர் சொன்ன மூன்று எண்கள்

கோத்தகிரி, உடற்கல்வி ஆசிரியை:
ஓட்டப்பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வெளியூரிலிருந்து வந்த குழு, எங்கள் மாணவியரை ஹீத்-கார்ட்டர் முறைப்படி அளந்தது. உயரம், எடை, தோல்மடிப்பு, எலும்பு அகலம், கை கால் சுற்றளவு எனப் பத்து அளவுகளிலிருந்து கொழுப்பு, தசை, ஒல்லித்தன்மை ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கு மூன்று எண்கள் தரும் முறை அது. பின்புயத் தோலை, மடிப்பின் தடிப்பை அளக்கும் இடுக்கியான காலிப்பர் கவ்வியபோது ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் மடிக்கணினியைப் பார்த்தவர், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "ஐந்து, மூன்று, ஒன்று. எண்டோமார்ஃப். ஓட்டத்துக்கு ஆகாது" என்றார். எண்டோமார்ஃப் என்றால் கொழுப்பு எண் ஓங்கிய உடல்வகை. தேயிலைச் சரிவில் நாள்தோறும் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வருபவள் அவள். அவளை ஒரு சுற்றுகூட ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அதன்பின் அவள் மைதானத்துப் பக்கமே வருவதில்லை.

உதகை, உறுப்பினர்:
அம்மா, குற்றம் முறையில் இல்லை. கல்லூரி நாளில் எனக்குத் தசை எண்ணே ஓங்கியிருந்தது. உட்கார்ந்த வேலைக்குப் போனபின் கொழுப்பு எண் அதை முந்திவிட்டது. 1940இல், உடல்வகைகளை முதலில் இப்படி மூன்று எண்களால் குறித்த அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன், உடல்வகை வாழ்நாள் முழுதும் மாறாதது என்று கருதினார். 1967இல் ஹீத்தும் கார்ட்டரும் அதை மறுத்து, அளக்கும் நாளின் உடலை மட்டுமே இந்த எண்கள் காட்டும் என்று வகுத்தார்கள். இனி அளக்க வருபவர்களிடம் சில கேளுங்கள். வலப்பக்கத்தில்தான் அளக்க வேண்டும். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியை மையால் குறித்து, அங்கே பின்புயத் தோல் மடிப்பை விரலால் பிடித்து, விரலுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காலிப்பரை வைத்து, இரண்டு விநாடி கழித்தே எண்ணைப் படிக்க வேண்டும். மறுபடியும் அளந்து ஒப்பிட வேண்டும். ஓடி வியர்த்த உடனே அளக்கவே கூடாது.

குன்னூர், உறுப்பினர்:
உதகை நண்பரே, எப்படி அளப்பது என்று ஆசிரியை கேட்கவில்லை. அளந்தவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். நம் மலைக்கு இது புதிதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நீலகிரிப் பழங்குடியினரின் தலையையும் மூக்கையும் அளந்தார். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் எண் 75க்குக் குறைந்தால் நீள்தலை, 80க்கு மேற்பட்டால் அகன்ற தலை என்பது அக்காலக் கணக்கு. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளிவந்த அவருடைய நூலின் ஏழு தொகுதிகளில் ஒன்றைத் தோடர் நண்பர் ஒருவரோடு நூலகத்தில் புரட்டினேன். மூக்கின் சராசரி அளவு வந்த இடத்தில் அவர் விரல் தாமாகவே தம் மூக்கைத் தொட்டது. "இதில் எங்கள் ஆட்கள் யார் யார் என்று போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். பக்கத்தில் சராசரிதான் இருந்தது.

ஆசிரியை அவர்களே, அடுத்த தேர்வில் அந்த மாணவியை முதலில் 800 மீட்டர் ஓடவிடச் சொல்லுங்கள். அளவுத்தாளை அதன்பின் எடுக்கட்டும்.