புதுப்பிப்பு: விறகு வாயுவில் தார் தொல்லை

விறகை உலையில் குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்கி, அதில் ஜெனரேட்டர் ஓட்டினால் இன்ஜின் வால்வில் தார் (விறகிலிருந்து வரும் பிசுபிசுப்பான கசடு) ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். விறகை நன்றாகக் காயவைக்கச் சொன்னீர்கள். அதுதான் விஷயம்.

ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான தொல்லை தீர்ந்தது. ஈர விறகென்றால் நீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும்; உலையின் குறுகிய கழுத்துப் பகுதி 1,000 டிகிரியை எட்டாது. தார் சிதையாமல் அப்படியே வாயுவோடு வந்துவிடும். அப்புறம், தூளைச் சலித்துவிட்டுக் கட்டைவிரல் அளவுத் துண்டுகளை மட்டும் போடுகிறேன். தூள் சேர்ந்தால் காற்றோட்டம் அடைபடுகிறது. இப்போது வடிகட்டியை விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, உலர்ந்த கரிப்பொடிதான் வருகிறது.

திறன் ஏன் குறைகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன். எரிவதெல்லாம் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும், கொஞ்சம் மீத்தேனும்தான். பெட்ரோலில் ஓடும்போது கிடைத்த இழுவையை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொல்லும். அதனால் உலையைத் திறந்தவெளிக்கு மாற்றிவிட்டேன். அடுத்த வேலை, சாம்பல் தட்டியை ஆட்ட ஒரு கைப்பிடி பொருத்துவது.