குடிலுக்குக் கேப்பை போட்ட கதை

கோட்டாறு அம்மா:

கிறிஸ்துமஸ் எனக்கு அலுத்துப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. டிசம்பர் என்றால் துணிக்கடை நெரிசல், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுப்பது, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது. எல்லாம் முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். நடுராத்திரிப் பூசையில் உட்கார்ந்துகொண்டு, காலையில் கறி எத்தனை கிலோ வாங்குவது என்று கணக்குப் போட்ட ஆள் நான்.

போன வருஷம் மகளுக்கு 5 வயது, மகனுக்கு 3. டிசம்பர் 3ஆம் தேதி சவேரியார் கோயில் திருவிழா முடிந்து வீட்டுக்கு வரும்போதே, "அடுத்தது என்னம்மா?" என்றாள் மகள். குடில் கட்டணும், அதுக்குக் கேப்பை போடணும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்புறம் விடுவாளா?

தெரியாதவர்களுக்கு: குடில் என்றால் இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைப் பொம்மைகளால் அமைப்பது. கேப்பை என்றால் கேழ்வரகு. தட்டில் மண் பரப்பி விதைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் விரல் நீளத்துக்குப் புல் வந்துவிடும். அதுதான் குடிலில் ஆடு மேயும் இடம். இப்போது பலரும் பச்சைக் காகிதம் ஒட்டிவிடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

முதல் தட்டு நாசம். நினைத்தபோதெல்லாம் ஆளுக்கொரு கப் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நாலாம் நாள் புளித்த மாவு வாடை. அம்மாவுக்கு போன் போட்டால், "தெளிக்கணும் மக்களே, குளிப்பாட்டக் கூடாது" என்று சிரித்தாள். 12ஆம் தேதி மறுபடி விதைத்தோம். கையால் தெளித்து, ராத்திரி ஈரத்துணி போட்டு மூடினோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் மகள் என்னை உலுக்கி எழுப்பினாள்: "அம்மா, மண்ணுக்கு முடி முளைக்குது!" வெள்ளை வெள்ளையாக, மயிரிழை போல வேர். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த பிறகுதான் இரண்டு பேரும் தட்டின் முன்னாலிருந்து எழுந்தோம்.

காக்கிக் காகிதத்தை மைதாப் பசையில் முக்கிக் கசக்கினால் மலை. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து. மகன் இடையர்களுக்கு நடுவே ஒரு டைனோசரை நிறுத்தினான். இரண்டு தடவை எடுத்தேன். மூன்றாம் தடவை விட்டுவிட்டேன்.

தொட்டி மட்டும் காலி. பாலன் இயேசு 24ஆம் தேதி நடுராத்திரிதான் வருவார் என்று சொல்லி, சொரூபத்தைப் பஞ்சில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். 24 ராத்திரி கோயிலுக்குக் கிளம்பும்போது பார்த்தால் பஞ்சுதான் இருக்கிறது, பாலனைக் காணோம். வீட்டையே புரட்டினோம். இவர் சும்மா இருக்காமல், "புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சோங்கிற ஊர்ல முதல் குடில் வச்சப்போ சொரூபமே கிடையாதாம். வைக்கோல் தொட்டி, நிஜ மாடு, கழுதை, அவ்வளவுதான். நாமும் அப்படியே விட்டுருவோம்" என்றார். மறையுரையில் கேட்டதை எடுத்துவிட நல்ல நேரம் பார்த்தார்! கடைசியில் மகனின் தலையணை உறைக்குள் கிடைத்தது. அவனுடைய ஒரு சாக்ஸுக்குள் கழுத்து வரை நுழைத்து வைத்திருந்தான். "பாப்பாவுக்குப் பனி."

பூசையில் வானவர் கீதம் என்ற பாட்டுக்கு மணி அடித்தபோது இரண்டும் எங்கள் தோளில் நல்ல தூக்கம். வீட்டுக்கு வந்ததும் எழுந்துகொண்டு, பாலனைச் சாக்ஸோடு தொட்டியில் கிடத்தினார்கள். கறிக் கணக்கு எனக்குக் காலையில்தான் ஞாபகம் வந்தது.

பாளையங்கோட்டை அப்பா:

குளிப்பாட்டக் கூடாது, அருமை! நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்களுக்கு ராத்திரி வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸ்தான் எல்லாம். உண்மையைச் சொல்கிறேன், சில வருஷம் லைட்டை அணைத்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லாத மாதிரி படுத்திருக்கிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு டிரம் அடித்தால் யாருக்குப் பிடிக்கும்?

இந்தத் தடவை 4 வயது மகள் தூங்கவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் காவல். ஆனால் கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுக்கக் குனிந்ததுதான் தாமதம், வீறிட்டு என் கழுத்தில் ஏறிவிட்டாள். பாவம், அவர் முகமூடியைத் தூக்கிக் காட்டினார். பார்த்தால் எங்கள் பால்கார அண்ணன்! ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, பால் எங்க?" என்றாள். பாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்து, அடுத்த பாட்டை எடுக்கவே முடியவில்லை. அப்புறம் அவளும் கூடப் போகணும் என்று ஒரே பிடிவாதம். லுங்கியோடு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு தெரு போனேன். லைட் அணைந்திருந்த ஒரு வீட்டு முன்னால் நானே சத்தமாகப் பாடினேன்.

ஷார்ஜா அப்பா:

இங்கே பக்கத்துக் கடையில் கேப்பை மாவுதான் இருக்கிறது. முழுசாகக் கிடைக்கவில்லை. கோதுமை போடலாமா?

கோட்டாறு அம்மா:

தாராளமாகப் போடலாம். ஆனால் அது மடமடவென்று வளரும். 15ஆம் தேதிக்கு மேல் போடுங்கள், இல்லாவிட்டால் ஆடு மறைந்துவிடும்.